ஒரு மூட்டைக்கு ரெண்டு காரமா? வத்தலின் காரத்தை லேபில் அளக்கும் முறை

நான் லேபில் சேர்ந்த இரண்டாம் வருடம், சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் எங்கள் லேப் கொடுத்த இரண்டு தாள்கள். ஒன்றில் காரம் 24,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு), இன்னொன்றில் 33,000. இரண்டும் அவருடைய சம்பா வத்தல்தான். ஒரே களத்தில் காய்ந்தது, ஒரே சாக்கிலிருந்து எடுத்தது. "ஏந்தாயி, ஒரு மூட்டைக்கு ரெண்டு காரமா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஆனால் முதல் தாளைக் காட்டித்தான் அவரிடம் விலையைக் குறைத்திருந்தார்கள்.

இரண்டு முறையும் அளந்தது நான். கருவியின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தன. தவறு கருவிக்கு வெகு முன்னாலேயே நடந்திருந்தது. முதல் முறை மாதிரி வந்த பாலித்தீன் கவருக்குள் கைவிட்டு, மேலாக இருந்த நல்ல முழு வத்தல்களாகப் பார்த்து எடுத்து அரைத்திருக்கிறேன். அடியில் தங்கியிருந்த விதையையும், வத்தலிலிருந்து உதிர்ந்த மஞ்சள் நிறத் தூளையும் கவரோடு விட்டுவிட்டேன். இரண்டாம் முறை கவரை அப்படியே கவிழ்த்திருக்கிறேன். அந்த 9,000 புள்ளி வித்தியாசம் கவரின் அடியில் கிடந்தது.

இப்போது விருதுநகரில் ஒரு மசாலா பரிசோதனைக் கூடத்தில் பதினான்காவது வருடம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் நாளே, சாற்றில் கலந்திருக்கும் பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியைக் காட்டச் சொல்கிறார்கள். நான் முதல் வாரம் அந்தப் பக்கம் விடுவதில்லை. சாக்கு, கவர், அரவை மெஷின், சல்லடை, இவைதான் முதல் பாடம். இந்தக் குறிப்பிலும் அதே வரிசையில்தான் போகப்போகிறேன்.

காரம் எங்கே இருக்கிறது

ஒரு வத்தலை எடுத்து நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். காம்பின் அடியிலிருந்து தோலை ஒட்டி மெல்லிய நரம்பு போல ஒன்று இறங்கும். பச்சையாக இருக்கும்போது வெள்ளையாக, பஞ்சு போலிருக்கும். காய்ந்தபின் வெளிர் மஞ்சளாகி, வெங்காயச் சருகு போல விரல் பட்டாலே நொறுங்கும். விதைகள் தொற்றிக்கொண்டிருப்பது இதில்தான். தாவரவியலில் இதன் பெயர் சூலொட்டு. காரப் பொருள் உருவாவது இங்கேதான், விதைக்குள் அல்ல. விதை காரமாக இருப்பது இதனோடு ஒட்டிக் கிடந்ததால்.

காரப் பொருள் என்பதும் ஒன்று அல்ல, ஒரு குடும்பம். கேப்சைசினாய்டுகள் என்று பெயர். அதில் பெரியவை கேப்சைசினும் டைஹைட்ரோகேப்சைசினும். சாதாரண மிளகாயில் மொத்தக் காரத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு இந்த இரண்டுமே. மூன்றாவதாக நார்டைஹைட்ரோகேப்சைசின் கொஞ்சம் இருக்கும். நாம் அளப்பது இந்த மூன்றையும். மூன்றுமே தண்ணீரில் கரைய மறுக்கும். சாராயத்திலும் எண்ணெயிலும் நன்றாகக் கரையும். இந்த ஒரு குணம்தான் பின்னால் வரும் ஊறவைத்தல், வடிகட்டுதல், கை கழுவுதல் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஸ்கோவில் என்ற அலகு 1912இல் வந்தது. அமெரிக்காவில் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த வில்பர் ஸ்கோவில், மிளகாயைச் சாராயத்தில் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் விளாவிக்கொண்டே போய், நாக்குக்குக் காரம் தெரியாமல் போகும் அளவைக் குறித்தார். ஐந்து பேர் சுவைப்பார்கள். நாலைந்து முறை சுவைத்தால் நாக்கு மரத்துவிடும், ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இன்று பெரும்பாலும் நாக்கால் தீர்ப்புச் சொல்வதில்லை. கருவியில் அளந்த எண்ணை ஸ்கோவிலாக மாற்றி எழுதுகிறோம்.

மாதிரி எடுப்பது

நூறு மூட்டை இருந்தால் பத்து மூட்டையிலாவது எடுக்க வேண்டும். மூட்டை எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடம். அடியை விடவே கூடாது. காய்ந்த வத்தலைச் சாக்கில் அமுக்கி, லாரியில் ஏற்றி இறக்கும்போது வத்தல் உடையும். உடைந்த வத்தலிலிருந்து விதையும் சூலொட்டுத் தூளும் சல்லென்று கீழே இறங்கிவிடும். மேலே அள்ளினால் காரம் குறைவாகவும், அடியைச் சுரண்டினால் கூடுதலாகவும் காட்டும். இரண்டுமே அந்த மூட்டையின் காரம் ஆகாது.

இப்படிச் சேர்த்தது இரண்டு மூன்று கிலோ இருக்கும். சுத்தமான தாள் விரித்து அதில் கொட்டி, கையுறையோடு நன்றாக நொறுக்கிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலு கூறு போடுங்கள். எதிரெதிர்க் கூறு இரண்டை எடுத்து வைத்துவிட்டு மற்ற இரண்டையும் மறுபடி கலந்து கூறு போடுங்கள். அரைக் கிலோ வரும்வரை இப்படியே. கூறு பிரிக்கும்போது தாளில் ஒட்டிய தூளையும் பிரஷ்ஷால் தள்ளி அந்தந்தக் கூறோடு சேர்க்க வேண்டும். இது பார்க்க அலுப்பான வேலை. ஆனால் அந்தப் பெரியவருக்கு நான் செய்யத் தவறியது இதைத்தான்.

காம்போடு அரைப்பதா, காம்பு கிள்ளியா என்பதை முன்பே மாதிரி கொடுப்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காம்பில் காரம் இல்லை, எடை உண்டு. காம்போடு அரைத்தால் எண் இறங்கும்.

அரவை

அரவை மெஷின் சூடாகக் கூடாது. பத்து விநாடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி பத்து விநாடி என்று விட்டுவிட்டு அரையுங்கள். அப்புறம் 1 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். சல்லடையில் நிற்பதைக் குப்பையில் தட்டுகிறார்கள். நிற்பது பெரும்பாலும் தடித்த தோல், அதில் காரம் குறைவு. அதைத் தட்டிவிட்டால் மீதிப் பொடியில் காரம் செயற்கையாக ஏறிவிடும். எல்லாமே சல்லடையைத் தாண்டும்வரை திரும்பத் திரும்ப அரைக்க வேண்டும்.

குண்டூர் வத்தல் அரைத்த மெஷினில் அடுத்து பியாடகி போட்டால், பியாடகிக்கு இல்லாத காரம் வந்துவிடும். பியாடகி நிறத்துக்காக வாங்குவது, காரம் கம்மி. அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் மெஷினைப் பிரஷ்ஷால் துடைத்து, அடுத்த மாதிரியிலேயே ஒரு பிடி போட்டு அரைத்துக் கொட்டிவிட்டு, பிறகு தொடங்குங்கள்.

அரவை அறையில் முகக்கவசம், கண்ணாடி, நைட்ரைல் கையுறை கட்டாயம். கமறல் ஆரம்பித்தால் வெளியே வந்துவிட வேண்டும், வீம்பு வேண்டாம். கையில் பட்டால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள். வெறும் தண்ணீர் காரத்தைக் கரைக்காது, பரப்பத்தான் செய்யும். கான்டாக்ட் லென்ஸ் போடும் பிள்ளைகளை அன்று அரவைக்கு நான் அனுப்புவதில்லை.

பொடி தயாரானதும் அதில் ஒரு பங்கை ஈரப்பதம் பார்க்க ஒதுக்குங்கள். மசாலாப் பொருளுக்கு டொலுயீனோடு காய்ச்சி, பிரியும் தண்ணீரை அளவுக்குழாயில் படிப்பதுதான் வழக்கம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி மிளகாய்க்கு 11 சதவீதம் உச்சவரம்பு. மழைக்காலத்தில் வரும் வத்தல் அதைத் தாண்டி நிற்கும்.

சாறு இறக்குதல்

நாங்கள் பின்பற்றுவது, பரிசோதனை முறைகளை வெளியிடும் ஏஓஏசி என்ற அமைப்பின் 995.03 முறை. 25 கிராம் பொடியைத் துல்லியமாக எடை போட்டு, அடி உருண்டைக் குடுவையில் இட்டு, 200 மில்லி எத்தனால் ஊற்றுங்கள். கொதி பொங்காமலிருக்க நாலைந்து கொதிகற்கள். மேலே குளிர்விப்பான் பொருத்தி ஐந்து மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். எத்தனால் 78 டிகிரியில் கொதித்துவிடும், ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அதனால் மின்சாரச் சூட்டு உறையோ வெந்நீர்த் தொட்டியோ மட்டும்தான், தீ கூடாது. குளிர்விப்பானில் தண்ணீர் ஓடுகிறதா என்று அரை மணிக்கொருமுறை பாருங்கள். மோட்டார் நின்று தண்ணீர் அற்றுப்போனால் எத்தனால் ஆவியாகிப் போய்விடும். திரவம் குறைந்தால் அதிலுள்ள காரம் செறிந்துவிடும், கணக்கு மேலே போகும். அப்படி நடந்துவிட்டால் எத்தனாலை ஊற்றி நிரப்பிச் சமாளிக்காதீர்கள், புதிதாகத் தொடங்குங்கள்.

ஐந்து மணி நேரத்துக்குப் பின் அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு, தெளிந்த மேல்பகுதியை 0.45 மைக்ரான் சிரிஞ்சு வடிகட்டியில் தள்ளிச் சிறு புட்டியில் பிடியுங்கள். நல்ல ரத்தச் சிவப்பில் இருக்கும். முதலில் வரும் ஒரு மில்லியைக் கொட்டிவிடுவது நல்ல பழக்கம்.

தர ஒப்பீட்டுக் கரைசல்

மாதிரியில் காரம் எவ்வளவு என்று சொல்ல, அளவு தெரிந்த ஒரு கரைசலோடு அதை ஒப்பிட வேண்டும். அதற்குத்தான் தூய கேப்சைசின். அது வெள்ளைத் தூள். ஸ்கோவில் கணக்கில் அது சுமார் 1 கோடியே 60 லட்சம். நம் வத்தல் 30,000 சொச்சம் என்றால் வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளலாம். புகைபோக்கிப் பெட்டிக்குள், அறையின் மின்விசிறியை நிறுத்தி, கவசத்தோடு எடை போட வேண்டும். 10 மில்லிகிராம் எடுத்து எத்தனாலில் கரைத்து 100 மில்லிக்கு நிரப்பினால், மில்லிக்கு 100 மைக்ரோகிராம். இதிலிருந்து 50, 25, 10, 5, 2 என்று இறக்கிக்கொள்ளுங்கள். டைஹைட்ரோவுக்கும் இதேபோல் தனியாக.

புட்டியின் லேபிளை நன்றாகப் படியுங்கள். மிளகாயிலிருந்து எடுத்தது என்று விற்கும் சிலவற்றில் கேப்சைசினும் டைஹைட்ரோவும் கலந்தே இருக்கும். அதைச் சுத்தக் கேப்சைசின் என்று நினைத்து எடை போட்டால், அதற்குப் பின் வரும் எல்லா மாதிரிக்கும் தப்பான எண் போகும். தூய்மைச் சதவீதத்தால் எடையைத் திருத்த மறக்காதீர்கள். கரைசலை ஒளிபடாத புட்டியில் குளிர்பெட்டியில் வைத்து, எடுத்ததும் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பயன்படுத்துங்கள்.

கருவி

இனிமேல்தான் ஹெச்பிஎல்சி. அதன் இதயம் ஒரு எஃகுக் குழாய். லேபில் எல்லாரும் 'காலம்' என்போம், எழுத்தில் குழப்பும் என்பதால் குழாய் என்றே எழுதுகிறேன். 150 மில்லிமீட்டர் நீளம், 4.6 மில்லிமீட்டர் உள்விட்டம், உள்ளே சி18 என்ற எண்ணெய்ப் பசையுள்ள பூச்சு பூசிய 5 மைக்ரான் மணிகள். இதன் வழியே 40 பங்கு அசிட்டோநைட்ரைலும், 1 சதவீதம் அசிட்டிக் அமிலம் சேர்த்த 60 பங்கு தண்ணீரும் நிமிடத்துக்கு 1.5 மில்லி வேகத்தில் ஓடுகின்றன. வெளியே வருவதைப் புற ஊதா ஒளியில் 280 நானோமீட்டரில் கவனிக்கிறோம். ஒரு பொருள் வெளியே வரும்போது திரையில் ஓடும் கோடு மேலெழுந்து இறங்கும், அந்த முகட்டைத்தான் பீக் என்கிறோம்.

எண்ணெய்ப் பசை கூடிய மூலக்கூறு மணிகளில் அதிக நேரம் தங்கும். வாலில் ஒரு கார்பன் குறைவான நார்டைஹைட்ரோ முதலில் வரும், எங்கள் கருவியில் 6.3 நிமிடம். அதை உரசிக்கொண்டு 7 நிமிடத்தில் கேப்சைசின். பிறகு நீண்ட சமவெளி. 11 நிமிடத்தில் டைஹைட்ரோ. நல்ல நாளில் அந்தக் கேப்சைசின் பீக் கோயில் கோபுரம் போல இரு பக்கமும் ஒரே சரிவில் நிற்கும். முதல் இரண்டு பீக்குக்கும் இடையே பள்ளம் அடிக்கோட்டைத் தொட வேண்டும். தொடாமல் தோள் ஒட்டி நின்றால் குழாய் தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் மென்பொருள் எங்கே கோடு கிழித்துப் பிரிக்கிறதோ அதைப் பொறுத்து எண் மாறும். நான் அப்படிப்பட்ட ஓட்டத்தில் அறிக்கை கொடுக்க மாட்டேன்.

வரிசை இப்படி: முதலில் வெறும் எத்தனால். அதில் பீக் எதுவும் வரக்கூடாது. வந்தால் முந்தைய மாதிரியின் மிச்சம். மிளகாய் ஓலியோரெசின் (மிளகாயிலிருந்து இறக்கிய கெட்டிச் சாறு) ஓட்டிய மறுநாள் இது அடிக்கடி வரும். பிறகு ஒரே ஒப்பீட்டுக் கரைசலை ஆறு முறை செலுத்துங்கள். பீக்கின் பரப்பளவு மாறுபாடு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு ஆறு செறிவுகளையும் ஓட்டி, செறிவுக்கு எதிரே பீக்கின் பரப்பளவைக் குறித்துக் கோடு வரையுங்கள்; மாதிரியின் அளவைப் படிப்பது இந்தக் கோட்டில்தான். கடைசியாகத்தான் மாதிரி, ஒவ்வொன்றும் இரண்டு தனித்தனி எடை.

கணக்கு

போன வாரம் ஓட்டிய ஒன்றையே சொல்கிறேன். சாற்றை நேரடியாகச் செலுத்தியபோது எண் கோட்டின் உச்ச அளவுக்கு மேலே போனது. அதனால் 5 மில்லி சாற்றை 25 மில்லிக்கு விளாவினேன், அதாவது 5 மடங்கு. கருவி காட்டியது, மில்லிக்கு மைக்ரோகிராமில்: கேப்சைசின் 30, டைஹைட்ரோ 20, நார்டைஹைட்ரோ 3.75. கடைசியானதைக் கேப்சைசின் கோட்டிலேயே படிக்கலாம், ஏனென்றால் 280இல் ஒளியை உறிஞ்சும் வனிலில் என்ற மூலக்கூறுப் பகுதி மூன்றிலும் ஒன்றுதான்.

5ஆல் பெருக்கினால் மூலச் சாற்றில் 150, 100, 18.75. 200 மில்லியால் பெருக்கி 25 கிராமால் வகுத்தால், அதாவது 8ஆல் பெருக்கினால், கிராமுக்கு 1,200, 800, 150 மைக்ரோகிராம். ஸ்கோவிலாக்க முதல் இரண்டையும் 16.1ஆலும், நார்டைஹைட்ரோவை 9.3ஆலும் பெருக்க வேண்டும். 19,320, 12,880, 1,395. கூட்டினால் 33,595.

இந்த மாதிரியில் ஈரம் 10 சதவீதம். உலர் எடைக்கு மாற்ற 0.9ஆல் வகுத்தால் 37,328. ஒரே வத்தல்தான், ஆனால் ஒரு லேப் வந்தபடியும் இன்னொரு லேப் உலர் எடையிலும் எழுதினால் வாங்குபவரும் விற்பவரும் சண்டைக்கு நிற்பார்கள். சில இடங்களில் மூன்றின் மைக்ரோகிராம் மொத்தத்தையும் சேர்த்து 15ஆல் பெருக்குகிறார்கள். அதனால் எந்தப் பெருக்கெண், எந்த எடை என்பதை அறிக்கையில் எழுதியே தீர வேண்டும். 33,595 என்று கடைசி இலக்கம்வரை அச்சடிப்பதும் எனக்குப் பிடிக்காது. இரண்டு எடைக்கு நடுவே சில நூறு மாறுவது இயல்பு. 33,600 என்று முழுமையாக்கிக் கொடுத்தால் போதும்.

ஒட்டிக்கொண்டு வரும் கள்ளன்

நானிவமைடு என்று ஒரு பொருள் உண்டு. செயற்கைக் கேப்சைசின் என்ற பெயரில் தொழிற்சாலையில் செய்வது, விலை மலிவு. காரம் குறைந்த பொடிக்கும் ஓலியோரெசினுக்கும் இதைச் சேர்த்து எண்ணை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன குழாயில் இது கேப்சைசின் வரும் அதே நேரத்தில் வெளிவரும். பீக்கைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

ஆனால் மிளகாய்ச் செடி கேப்சைசினை மட்டும் தனியாகச் செய்வதில்லை, டைஹைட்ரோவும் கூடவே வரும். என் கையில் வந்த வத்தல்களில் கேப்சைசினில் பாதிக்குக் குறையாமல் டைஹைட்ரோ இருந்திருக்கிறது. 7 நிமிடப் பீக் ஓங்கி நின்று 11 நிமிடப் பீக் சிறுத்துக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். மூலக்கூறின் நிறையைக் காட்டும் நிறைமானி இணைத்த கருவிக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். அதில் கேப்சைசின் 306இலும் நானிவமைடு 294இலும் தெரியும். நார்டைஹைட்ரோவுக்கும் அதே 294தான். அதனால் நிறையை மட்டும் பார்க்காமல், அது எந்த நிமிடத்தில் வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும்

மிளகாயின் சிவப்பு நிறமிகளும் கொழுப்பும் 40 சதவீத அசிட்டோநைட்ரைலில் வெளியே வராது. குழாய்க்குள்ளேயே தங்கிக்கொள்ளும். அதனால் முன்னால் ஒரு காவல் குழாய் போடுங்கள். மாலையில் அமிலம் போக, அமிலம் சேர்க்காத கலவையால் கழுவிவிட்டு, பிறகு முழு அசிட்டோநைட்ரைல் அரை மணி நேரம். அசிட்டோநைட்ரைல் நச்சு. கழிவைத் தனிக் கேனில் சேர்க்க வேண்டும், தொட்டியில் ஊற்றக் கூடாது.

விவசாயிகளுக்கும் சிறு மசாலாக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023இல் நம் விருதுநகர் சம்பா வத்தலுக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, காரச் சான்று கேட்கும் வியாபாரிகள் எங்களிடம் கூடியிருக்கிறார்கள். மாதிரி கொடுக்கும்போது பாதியை நீங்களே சீல் வைத்து, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத கவர், இருட்டான இடம். எண்ணில் ஐயம் வந்தால் மறுபரிசோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அந்தப் பாதிதான் உங்கள் சாட்சி.

சாத்தூர்ப் பெரியவருக்குத் திருத்திய அறிக்கை கொடுத்தோம். முதல் தாளை ரத்து செய்து எழுதி, கமிஷன் கடைக்கும் அனுப்பினோம். அதற்குள் சரக்கு கைமாறியிருந்தது. அடுத்த அறுவடைக்கு அவரே ஒரு கவரோடு வந்தார். வாங்கி மேசையில் விரித்த தாளில் அவர் கண்முன்னே கவிழ்த்தேன். அடியில் ஒட்டிய தூள் விழும்வரை தட்டச் சொன்னார், தட்டினேன்.